ஒரே மருந்து, மூன்று அட்டை

மாட்டுங்கா ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிஷ நடையில் இருந்த ஒரு மருந்துக் கடையில் நான் ஒன்பது வருஷம் பார்மசிஸ்டாக வேலை பார்த்தேன். கவுண்டருக்குப் பின்னால், இருமல் மருந்து அடுக்குக்கு மேலே, கண்ணாடிச் சட்டம் போட்ட என் பதிவுச் சான்றிதழ் தொங்கிக்கொண்டிருந்தது. சான்றிதழில் பெயர் இருக்கிறவர் கடையில் இருந்தால்தான் மருந்து விற்கலாம். அது சட்டம். செம்பூரில் ஒரு கல்லூரியில் இரண்டு வருஷம் படித்து வாங்கிய காகிதம் அது. தாராவியில் நாங்கள் இருந்த சால் என்கிற வரிசைக் குடியிருப்பில் பதினெட்டு வீடுகள். அந்தப் பதினெட்டு வீட்டிலிருந்தும் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போன முதல் பெண் நான்தான். கோட்டை வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு போவேன். கடையில் போய்ப் போட்டுக்கொண்டால் போதும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எங்கள் சந்து முனையைத் தாண்டும்வரை அது என் மேல் இருக்க வேண்டும் என்று ஆசை.

கடை முதலாளியை நான் மாமா என்று கூப்பிட்டேன். மூன்று தலைமுறையாக மாட்டுங்காவில் இருக்கும் குடும்பம். அவருடைய அப்பா தொடங்கிய கடை. எந்தக் கட்டடத்தில் எந்த மாடியில் யாருக்கு என்ன வியாதி என்பது அவருக்கு மனப்பாடம். டாக்டர்களின் கிறுக்கலைப் படிக்க எனக்குச் சொல்லித் தந்தவர் அவர்தான். முதல் மாதம் ஒரு சீட்டை வைத்துக்கொண்டு நான் முழித்தபோது, "எழுத்தப் பாக்காதேம்மா. எந்த டாக்டர்னு பாரு. அவர் என்ன எழுதுவார்னு யோசி" என்றார். கல்லூரியில் யாரும் அப்படிச் சொல்லித் தந்ததில்லை. வருகிறவர்களிடம் என்னை "நம்ம பொண்ணு" என்றுதான் சொல்லுவார். என் மகன் பிறந்தபோது, அதுவரை தாராவிக்குள் காலே வைத்திராத மனிதர், பழப்பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் சந்துக்குள் வழி கேட்டு வந்து நின்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேச நான் விட்டதில்லை.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. காய்ச்சல், உடம்புவலி என்று யார் வந்தாலும் 'செட்' கொடுப்பார். ஒரு காய்ச்சல் மாத்திரை, ஒரு சளி மாத்திரை, ஒரு வலி மாத்திரை. மூன்றையும் அட்டையிலிருந்து கத்தரிக்கோலால் இரண்டு இரண்டாக வெட்டி ஒரு சின்னக் காகிதக் கவரில் போட்டு, கவர் மேல் பேனாவால் மூன்று கோடு போடுவார். காலை, மத்தியானம், ராத்திரி. வெட்டிக் கொடுக்கும்போது மருந்தின் பெயர் பாதி அட்டையோடு கடையிலேயே தங்கிவிடும். வாங்கிப் போகிறவர் கையில் இருப்பது ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள், ஒரு ஆரஞ்சு. அவ்வளவுதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒரு தடவை கேட்டேன்.

"மாமா, இந்த மூணுலயும் பாராசிட்டமால் இருக்கு. சளி மாத்திரைலயும் இருக்கு, வலி மாத்திரைலயும் இருக்கு. ஒரே மருந்தை மூணு பேர்ல குடுக்குறோம்."

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். "ரெண்டு நாளைக்குத்தானே குடுக்கறேன். நீ புஸ்தகம் படிச்சிருக்கே. நான் நாப்பது வருஷமா மனுஷாளப் பாத்துண்டிருக்கேன். யாருக்கு என்ன ஆயிடுத்து சொல்லு?"

யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அல்லது ஆனது எங்களுக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. நான் கவுண்டரில் நிற்கும்போது செட் கொடுக்க மாட்டேன். அவர் கொடுக்கும்போது வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். அது போதும் என்று நினைத்தேன்.

எங்கள் சாலில் மூன்றாவது வீட்டில் ஒரு அக்கா இருந்தாள். எனக்குப் பத்து வயது மூத்தவள். புருஷன் இல்லை, ஒரே மகள், காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். அக்கா மாட்டுங்காவில் இரண்டு வீட்டில் சமையல் வேலை பார்த்தாள். காலையில் நானும் அவளும் ஒரே பஸ்ஸில்தான் போவோம். எனக்குக் கல்யாணமாகி வந்த புதிதில் குழாயடியில் எந்த நேரத்துக்குத் தண்ணீர் வரும், யாரிடம் சண்டை போடலாம், யாரிடம் கூடாது என்றெல்லாம் சொன்னவள் அவள்தான். மெலிந்த உடம்பு. உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. திங்கட்கிழமை வேலை முடிந்து போகிற வழியில் கடைக்கு வந்தாள். தலையில் முக்காடு, கண் இரண்டும் சிவந்திருந்தது.

"எம்மா, மேலெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலிக்கி. நல்லதா ஒரு கோலி குடு. லீவு போட முடியாது. ஒரு வீட்டுல மருமக பிள்ள பெத்து வந்திருக்கா. இப்பம் போய் வரலன்னு சொன்னா வேற ஆளப் பாத்துருவாவ."

எங்கள் சாலில் மாத்திரையைக் கோலி என்றுதான் சொல்வோம். பாராசிட்டமால் அறுநூற்றைம்பது மில்லிகிராம், ஒரு முழு அட்டையாகக் கொடுத்தேன். வெட்டவில்லை. அட்டையைத் திருப்பிக் காட்டி நிதானமாகச் சொன்னேன்.

"அக்கா, கவனமாக் கேளுங்க. ஒண்ணு போட்டா அடுத்தது ஆறு மணி நேரம் கழிச்சுத்தான். ஒரு நாளைக்கு மூணு. ரொம்ப முடியலன்னா நாலு. அதுக்கு மேல ஒண்ணு கூடப் போடப்பிடாது. எதாவது சாப்பிட்டுட்டுப் போடுங்க. இது கூட வேற எந்தக் கோலியும் சேக்காதிய, சளிக்குன்னு கூட. மூணு நாள்ல விடலன்னா டாக்டர்ட்ட போயிரணும்."

"ஆட்டும், ஆட்டும்" என்றாள். அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

செவ்வாய்க்கிழமையும் புதன்கிழமையும் அவளைப் பஸ்ஸில் பார்த்தேன். குளிரில் ஜன்னல் ஓரம் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். குறைந்ததா என்று கேட்டேன். "விட்டு விட்டு வருது" என்றாள். வியாழக்கிழமை என் மகனுக்குப் பள்ளியில் ஏதோ கூட்டம். நான் தாமதமாகப் போனேன். வெள்ளி, சனி அவளைப் பார்க்கவில்லை. விசாரித்திருக்க வேண்டும். மூன்றாவது வீடுதான். வேலை முடிந்து வந்து சமைத்து, பிள்ளையைப் படிக்க வைத்து, படுத்துவிட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் மகள் எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"ஆன்ட்டி, மம்மிக்குக் கண்ணெல்லாம் பீலா ஆயிட்டு. மஞ்சளா. நேத்து பெரிய ஆஸ்பத்திரில அட்மிட் பண்ணிட்டாங்க. ரெண்டு நாளா ஒரே வாமிட். என்ன கோலி சாப்ட்டாங்கன்னு டாக்டர் கேக்குறாங்க. வீட்டுல இருந்த எல்லாத்தையும் எடுத்துட்டு வந்திருக்கேன். இதுல பேரே இல்ல, ஆன்ட்டி."

பையைத் தரையில் கொட்டினேன். நான் கொடுத்த அட்டை காலியாக இருந்தது. அதே மாதிரி இன்னொரு அட்டை, அதிலும் இரண்டுதான் பாக்கி. அது நான் கொடுத்ததல்ல. பிறகு வெட்டிய துண்டுகள். மஞ்சள் மாத்திரை, ஆரஞ்சு மாத்திரை, பெரும்பாலும் காலி. கூடவே ஒரு சின்னக் காகிதக் கவர். அதன் மேல் மூன்று கோடு. கோட்டுக்குக் கீழே தமிழில், "வலி ஜாஸ்தியானால் இன்னும் 1". அந்த எழுத்தை ஒன்பது வருஷமாக தினமும் பார்க்கிறேன். 'ஜா'வுக்கு அவர் மட்டும்தான் அப்படி ஒரு கொக்கி போடுவார்.

அந்தப் பெண்ணிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். அம்மா எப்போது எதைப் போட்டாள்? அவளுக்குத் தெரிந்தவரை சொன்னாள். செட்டில் மூன்று வேளையும் மூன்று; அதில் வெள்ளை மட்டும் வெட்டாமல் கொடுத்த அந்த இரண்டாவது அட்டை. அது போக, காய்ச்சல் ஏறும்போதெல்லாம் என் அட்டையிலிருந்து ஒன்று. சாப்பாடு இறங்கவில்லை, டீயும் பாவ் ரொட்டியும் மட்டும். அப்படி நான்கு நாள், அதில் முதல் இரண்டு நாள் வேலைக்கும் போய்க்கொண்டு.

அங்கேயே நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். பையை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணோடு நேரே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் அவள், "வார்டுல யாருமே நின்னு கேக்க மாட்டேங்குறாங்க, ஆன்ட்டி. அவ்வளவு கூட்டம்" என்று சொன்னாள். எனக்கு மாமாவின் ஞாபகம் வந்தது. அந்த ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் ஒருவர் அவருக்குப் பள்ளிக்கூட நண்பர். அவர் ஒரு போன் போட்டால் உடனே காது கொடுத்துக் கேட்பார்கள். நீ ஆஸ்பத்திரிக்குப் போ, டாக்டருக்குச் சொல்ல நான் ஏற்பாடு செய்கிறேன் என்று அவளை அனுப்பிவிட்டுப் பையோடு கடைக்கு ஓடினேன்.

மாமா அப்போதுதான் ஷட்டரைத் தூக்கி, சாமி படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார். கவரை அவர் முன்னால் வைத்தேன்.

"மாமா, இது நீங்க குடுத்ததா?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ஆமா. புதன்கிழமையோ என்னமோ. நீ உள்ள சாப்டுண்டிருந்தே. உங்க பக்கத்து வீட்டுக்காரிதானே, பாவம், வேலைக்குப் போகணும்னா. நாலு நாளைக்குக் குடுத்தேன். ஏன், என்ன?"

சொன்னேன். கண் மஞ்சள், வாந்தி, ஆஸ்பத்திரி. ஏற்கெனவே நான் ஒரு அட்டை கொடுத்திருந்தேன் என்பதையும் சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் மாறியது. உட்கார்ந்தார். பிறகு என் தோளில் கை வைத்து, "பதறாதேம்மா. மழைக்காலம், பாதிப்பேருக்கு மஞ்சக்காமாலை. இருந்தாலும் சொல்லிடறது நல்லது. நான் இப்பவே போன் பண்ணி எல்லாத்தையும் விவரமாச் சொல்லிடறேன். பைய இங்க வெச்சுட்டுப் போ. பாத்துப் பாத்துச் சொல்லணுமோன்னோ" என்றார்.

பையை அவர் மேஜையில் வைத்தேன். கவரையும்தான்.

நான் கோட்டைப் போட்டுக்கொண்டு கவுண்டருக்கு வந்தேன். அவர் உள்ளே போனைக் காதில் வைத்துப் பேசுவதைப் பார்த்தேன். மனசு கொஞ்சம் ஆறியது. மத்தியானம் கேட்டேன். "சொல்லியாச்சு. அவா பாத்துக்கறா" என்றார். அன்று முழுக்க நான் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் பார்வையாளர் நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்கா கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தாள். கூப்பிட்டால் "ம்" என்பாள், அதோடு சரி. கழுத்துவரை மஞ்சள். வார்டு டாக்டர் ஒரு இளம்பெண். கையில் ஏழெட்டுக் கோப்புகளோடு போய்க்கொண்டிருந்தவரை மறித்து ஹிந்தியில் கேட்டேன். காலையில் மாத்திரைகளைப் பற்றி உங்களுக்குப் போன் வந்திருக்குமே?

அவர் நின்றார். எந்த மாத்திரை, எந்தப் போன் என்று கேட்டார். இது எலிக்காய்ச்சலா, வேறு காமாலையா என்று பார்க்க ரத்தம் அனுப்பியிருக்கிறோம், பொண்ணு மாத்திரை கொண்டுவருகிறேன் என்று போனவள் வெறும் கையோடு வந்தாள் என்றார்.

பெரிய டாக்டரின் பெயரைச் சொன்னேன். அவர் ஒரு மாதமாக லீவில் இருக்கிறார், வெளிநாட்டில் மகள் வீட்டில் என்றார்.

அந்த வராந்தாவில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளை அறுநூற்றைம்பது, மஞ்சளில் ஐந்நூறு, ஆரஞ்சில் முந்நூற்றிருபத்தைந்து, எத்தனை வேளை, எத்தனை நாள். டாக்டர் கோப்பின் பின்பக்கம் கூட்டிப் பார்த்தார். நல்ல ஆரோக்கியமான பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு நாலு கிராம்தான் கடைசி எல்லை. சாப்பிடாமல் கிடக்கிற, இவ்வளவு மெலிந்த ஒருத்திக்கு அது கூட அதிகம். அக்கா தினமும் ஏறக்குறைய ஆறு கிராம் போட்டிருந்தாள், நாலு நாள். டாக்டர் பேனாவை மூடினார். "நீங்கள் பார்மசிஸ்ட்டா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "காலையில் தெரிந்திருந்தால் காலையிலேயே ஏற்றியிருப்போம்" என்று சொல்லிவிட்டு நர்ஸைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினார். ஈரலைக் காப்பாற்றுகிற முறிமருந்து ஒன்று உண்டு. எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ அவ்வளவு நல்லது. அரை மணியில் அதை ஏற்றத் தொடங்கினார்கள். ஒரு பகல் முழுக்க வீணாகியிருந்தது.

மறுநாள் கடைக்குப் போனேன். அவருக்கு ஏதோ காரணம் இருக்கும் என்றுதான் அப்போதும் நினைத்தேன். லைன் கிடைத்திருக்காது, வேறு யாரிடமோ சொல்லியிருப்பார், அவர்கள் மறந்திருப்பார்கள். பஸ்ஸில் போகும்போதே அவருக்காக நானே பதில்களைத் தயார் செய்துகொண்டு போனேன். கேட்க வாயெடுப்பதற்குள் அக்காவின் மகளும் அக்காவின் தம்பியும் கடை வாசலுக்கு வந்துவிட்டார்கள். தம்பி தாராவியில் தோல்பை தைக்கிற பட்டறை வைத்திருக்கிறவன். என்னைவிட இரண்டு வயது சின்னவன், அண்ணி முறை வைத்துப் பார்க்கும்போதெல்லாம் "என்ன மைனி" என்று சிரிப்பான். மாத்திரைதான் காரணம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்; அன்று சிரிக்கவில்லை.

"எங்க அக்காளுக்கு இந்த கோலியெல்லாம் குடுத்தது யாரு?" என்று கவுண்டரைத் தட்டினான். நாலைந்து வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மாமா எழுந்து வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"நான் கல்லால உக்காந்து பில் போடறவன்ப்பா. மருந்து குடுக்கறது படிச்ச பொண்ணு. அதோ, செவுத்துல பாருங்கோ, யார் பேர் போட்டிருக்குன்னு."

கை நீட்டிச் சான்றிதழைக் காட்டினார்.

எனக்கு முதலில் அவர் சொன்னது புரியவே இல்லை. வேறு யாரையோ பற்றிச் சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான், "மாமா, நேத்து உங்ககிட்ட ஒரு கவர் குடுத்தேனே. உங்க எழுத்து இருந்துச்சே. அதை எடுங்க" என்றேன்.

"எந்தக் கவர்?"

"பைல இருந்தது. மேஜை மேல வெச்சேனே."

"நீ ஏதோ குப்பைய எடுத்துண்டு வந்தே. நான் ஒண்ணும் பாக்கலையே." பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, இன்னும் மெதுவாக, "நீங்க எல்லாரும் ஒரே எடத்துக்காரா. அக்கம்பக்கத்துல இருக்கறவா. கடை வாசல்ல என்னத்துக்குக் கூச்சல்? உங்களுக்குள்ள பேசித் தீத்துக்கோங்கோ" என்றார்.

நம்ம பொண்ணு என்று சொன்ன அதே வாய். இன்றைக்கும் மருந்தை விட, கவரை விட, அந்த 'உங்களுக்குள்ள' என்ற சொல்தான் என்னைக் குத்துகிறது. ஒன்பது வருஷம் அவர் என்னைக் கவுண்டருக்கு எந்தப் பக்கம் வைத்திருந்தார் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

தம்பி என்னைப் பார்த்தான். "மைனி, நீங்களா?" என்றான். கத்தியிருந்தால் கூடப் பரவாயில்லை. நான் இல்லை என்றேன். என் குரல் எனக்கே பொய் சொல்கிறவள் குரல் மாதிரிதான் கேட்டது. அந்தப் பெண் அழுதுகொண்டே, "ஆன்ட்டி, நேத்து நீங்கதானே பைய வாங்கிட்டுப் போனீங்க. டாக்டர்ட்ட ஏன் குடுக்கல?" என்று கேட்டாள். அவரை நம்பினேன் என்று சொன்னால், அங்கே நின்றிருந்த யார் நம்பியிருப்பார்கள்?

அன்றே கோட்டைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். சாலில் செய்தி எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. குழாயடியில் என் குடத்துக்கு முன்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பல வருஷமாகக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் என் கதவைத்தான் தட்டுவார்கள். அந்த வாரம் யாரும் தட்டவில்லை. என் கணவர் வடாலாவில் ஒரு பட்டறையில் வெல்டர், அதிகம் பேசாதவர். சாப்பிட உட்கார்ந்தவர், தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நெசமாச் சொல்லு. நீ குடுக்கலல்லா?"

ஒரே ஒரு தடவைதான் கேட்டார். நான் இல்லை என்றதும் நம்பினார். ஆனால் அவரும் கேட்டார்.

அக்காவுக்கு ஐந்தாம் நாள் ரத்தப் பரிசோதனையில் எண்கள் இறங்கத் தொடங்கின. நான் தினமும் ஆஸ்பத்திரி வாசல்வரை போவேன். அவர்கள் வீட்டு ஆட்கள் இருந்தால் உள்ளே போகாமல், அந்த டாக்டரை மட்டும் பார்த்துக் கேட்டுவிட்டுத் திரும்புவேன். இரண்டு வாரம் கழித்து அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் தம்பி வந்து எங்கள் வாசலில் நின்றான்.

"மைனி, அக்கா உங்களக் கூப்பிடுதா. எல்லாம் சொல்லிட்டா. நாங்கதான் தப்பா நெனச்சிட்டோம்."

போனேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாதியாகிப் போயிருந்தாள், ஆனால் கண்ணில் வெள்ளை திரும்பியிருந்தது. பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"நான் புதன்கெழம வந்தேம்ட்டி. நீ உள்ள சாப்பிட்டுக்கிட்டு இருந்த. டப்பா தெறக்குத சத்தம் எனக்குக் கேட்டுச்சு. அவிய இதக் குடுத்தாவ. நான் கேட்டேன், அந்தப் பிள்ள வேற எதும் சேக்கப்பிடாதுன்னு சொல்லிச்சேன்னு. சிரிச்சாவ. அவளுக்குச் சொல்லிக் குடுத்ததே நாந்தான்னாவ. பெரிய மனுஷன். கடையே அவியளுது. நீ சொன்னதும் அந்தக் கடைல நின்னுதான் சொன்ன. ரெண்டுல எது சரின்னு நான் எதக் கண்டேன்?"

"கூப்பிட்டிருக்கலாமேக்கா. அஞ்சு எட்டுதான்."

"சாப்பிடுத பிள்ளய எதுக்குக் கூப்பிடன்னு விட்டுட்டேன்."

அவள் மகள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். பிறகு அக்கா கேட்டாள்.

"அவிய இப்படி மூணு மூணாக் குடுக்கதுண்டுன்னு உனக்கு முன்னயே தெரியுமாட்டி?"

பொய் சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள்.

"தெரியும்க்கா."

அவள் டீயை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவ்வளவுதான். அந்த டீயைக் குடித்து முடிக்க எனக்கு ரொம்ப நேரம் ஆனது.

அடுத்த நாள் காலை கடைக்குப் போய் ஸ்டூல் போட்டு ஏறிச் சான்றிதழைக் கழற்றினேன். மாமா எழுந்து வந்து, "என்ன பண்றே? அது இல்லாம கடை தொறக்க முடியாது" என்றார். தெரியும் என்றேன். "உன்னை என் பொண்ணு மாதிரி வெச்சிருந்தேன். பிரசவத்துக்கு ஆறு மாசம் வீட்டுல இருந்தியே, அப்பவும் உன் பேர்லதானே கடை நடந்துது? நான் எதாவது சொன்னேனா?" என்றார். அது உண்மைதான். அந்த ஆறு மாதம் நான் இல்லாத கடையில் என் பெயர் மட்டும் வேலை பார்த்தது. பெருமையாகக்கூட இருந்தது எனக்கு. அதை அவர் இத்தனை வருஷம் ஞாபகத்தில் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார், இப்படி ஒரு நாளுக்காக.

மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். கவரைப் பற்றி, செட்டைப் பற்றி, அந்த ஆறு மாதத்தைப் பற்றியும். உன் பதிவே போய்விட்டால் என்ன செய்வாய் என்று கணவர் பயந்தார். கூப்பிட்டு விசாரித்தார்கள். எனக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை வந்தது. கவர் இல்லாததால் அக்கா விஷயத்தில் எதுவும் நிற்கவில்லை. பார்மசிஸ்ட் இல்லை என்பதற்காகக் கடை சில நாள் மூடிக் கிடந்தது. பிறகு வேறு யாருடைய சான்றிதழோ அதே ஆணியில் தொங்க, திறந்துவிட்டார்கள். பஸ் அந்த வழியாகப் போகும்போது பார்த்தேன். கூட்டம் குறைந்த மாதிரி தெரியவில்லை.

நான் இப்போது செம்பூரில் ஒரு ஆஸ்பத்திரியின் மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். வலி மாத்திரை கேட்டு யார் வந்தாலும், ஏற்கெனவே என்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்காமல் கொடுப்பதில்லை. சளிக்கு, தலைவலிக்கு, மாதவிடாய் வலிக்கு, எதற்காக இருந்தாலும். இதனால் வரிசை நீள்கிறது, பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். யாரிடமும் நான் கடுமையாகப் பேசுவதில்லை. ஆனால் மேலதிகாரி தோளில் தட்டிப் பாராட்டினால் உடம்பு விறைத்துக்கொள்கிறது. முன்பெல்லாம் அப்படி இருந்ததில்லை.

அக்கா மறுபடி சமையல் வேலைக்குப் போகிறாள், ஒரு வீடு மட்டும். ஈரல் முழுசாகத் தேறிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என்னோடு பழையபடி பேசுகிறாள், பண்டிகைக்குப் பலகாரம் அனுப்புகிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனபோது, கன்னத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைவாய்ப் பல். மூன்று நாளாக வலியாம், மறுநாள்தான் பல் டாக்டராம். நான் என் பையிலிருந்து பிரிக்காத அட்டை ஒன்றை எடுத்து, பெயரைக் காட்டி, ஒரே ஒரு ஐந்நூறு மாத்திரையை அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

"அக்கா, இப்பம் ஒண்ணு. தேவைப்பட்டா ஆறு மணி நேரம் கழிச்சு இன்னொண்ணு. டாக்டர்ட்டயே கேட்டுட்டேன், இந்த அளவு உங்களுக்கு ஒண்ணும் செய்யாது. வேற எதும் போடலல்லா?"

"ஒண்ணும் போடல. போடுதேம்மா, நீ போ" என்றாள். விரல்களை மடக்கி மாத்திரையை மூடிக்கொண்டாள்.

அடுத்த நாள் காலை அவள் மகள் சொன்னாள், அம்மா விடிய விடிய உட்கார்ந்தே இருந்தாளாம். மாத்திரை ஜன்னல் விளிம்பில் அப்படியே இருக்கிறதாம்.

நான் அவளிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை.